பூஜ்யத்தில் நிற்கும் முள்

1

லாரியில் கிளட்ச் தேய்ந்தால் மேம்பாலம் ஏறும்போது காட்டிக்கொடுத்துவிடும். ஹெட்லைட் போனால் ராத்திரி ஓட்டம் கிடையாது. பிரேக்குக்குக் காற்று ஏறவில்லை என்றால் டிரைவர் வண்டியை எடுக்கவே மாட்டார். ஹாரன் கெட்டுவிட்டால் நம்மூர் ஆளால் அரை மணி நேரம்கூடத் தாங்க முடியாது. ஆனால் ஸ்பீடாமீட்டர் கெட்டால் வண்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. லோடு ஏறும், இறங்கும், வாடகை வரும், டீசலும் அதே அளவுதான் குடிக்கும்.

அதனால்தான் பழைய லாரிகளின் ரிப்பேர் பட்டியலில் அது எப்போதும் கடைசியில் நிற்கிறது. முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டால், அது அப்படியே டேஷ்போர்டின் அலங்காரமாக மாறிப்போகும். அதன் கண்ணாடிமேல் சாமி ஸ்டிக்கர் ஒட்டியவர்களும் உண்டு.

நான் கேட்க நினைக்கும் கேள்வி இதுதான். லாரி ஓடுவதற்கு எந்த வகையிலும் உதவாத ஒரு கருவியைச் சரிசெய்ய வேண்டிய கடமை யாருக்காவது இருக்கிறதா? இருந்தால், அது யாருக்குச் செய்யவேண்டிய கடமை? "சட்டம் சொல்லுது, செய்யணும்" என்பது சரியான பதில்தான். 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஸ்பீடாமீட்டருக்கென்றே 117ஆம் விதி இருக்கிறது. ஆனால் சட்டம் ஏன் அதைக் கேட்கிறது என்பதை அந்த விதி நமக்கு விளக்காது. அதை நாமாகத்தான் யோசிக்க வேண்டும்.

யோசிக்க விம்கோ நகர் நல்ல இடம். இது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கப் பெயரைச் சுமக்கும் ஊர். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் இங்கே வந்தது. மேலே ரயில் சத்தமில்லாமல் போகும். கீழே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எல்லாச் சத்தமும் இருக்கும். கிழக்கே கடலை ஒட்டி எண்ணூர் விரைவுச் சாலை. மேற்கே மணலி. தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே காமராஜர் துறைமுகம், அதையும் தாண்டி காட்டுப்பள்ளி. இத்தனைக்கும் நடுவில் ஒரு ஊர் இருந்தால் அதன் வழியாக என்ன ஓடும்? லாரிதான் ஓடும். அதே சாலையை ஸ்கூல் பிள்ளைகள் கடக்கிறார்கள், ஷிப்ட் முடிந்தவர்கள் கடக்கிறார்கள், விடிகாலையில் அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் மீன்காரம்மாக்கள் கடக்கிறார்கள். கன்டெய்னர் வண்டி மோதிய செய்தி இங்கே யாருக்கும் புதிதில்லை.

என் மாமாவிடம் ஒரு லாரி இருக்கிறது. பத்துச் சக்கரம், வயசான வண்டி, ஒரே வண்டி. அதை ஓட்டும் அண்ணன் பதினெட்டு வருஷமாக அதே மாமாவிடம் இருக்கிறார். இரண்டு வருஷமாக அதன் முள் பூஜ்யத்தில் நின்றது. "எஃப்சிக்கு முன்னாடி பாத்துக்கலாம்டா" என்பார் மாமா. அண்ணன் அதற்கும் மேலே போவார். "மீட்டரப் பாத்தா வண்டி ஓட்றோம்? ரோட்டப் பாத்துல்ல தம்பி ஓட்றோம்."

இந்த இரண்டு வாக்கியங்களும் சாதாரணமானவை இல்லை. இரண்டிலும் ஒரு தத்துவ நிலைப்பாடு இருக்கிறது. முதலாவது, கருவி பரிசோதிப்பவருக்காக இருக்கிறது என்கிறது. இரண்டாவது, தேர்ந்த மனிதனுக்குக் கருவியே தேவையில்லை என்கிறது. இரண்டும் பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து.

2

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி ஷெட்டுக்கு வேறு வேலைக்காகப் போனபோது நானும் கூடப் போனேன். மெக்கானிக் பாயிடம் மீட்டரைக் காட்டினேன்.

"முள்ளு ஆடுதா, செத்துப்போச்சா?"

"செத்துப்போச்சு பாய்."

"கிலோமீட்டர் நம்பர் ஓடுதா?"

"அதுவும் ஓடல."

"அப்போ மீட்டரத் திட்டாத. கோளாறு கீழ கீது."

இந்த நான்கு வரியில் ஒரு முழு நோய்நாடல் இருக்கிறது. பழைய லாரியின் கியர் பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம் கடித்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு கேபிள் கேபினுக்கு ஏறி வரும். வெளியே உறை, உள்ளே முறுக்கிய கம்பி. சக்கரம் சுற்றினால் கம்பி சுற்றும். கம்பி மீட்டரின் முதுகில் போய் முடியும். அங்கே ஒரே சுழற்சி இரண்டு வேலையாகப் பிரிகிறது. ஒன்று, பல்சக்கரங்கள் வழியாகக் கிலோமீட்டர் எண்களை நகர்த்துவது. மற்றது, முள்ளைத் தூக்குவது. இரண்டும் சேர்ந்து செத்தால் பொதுவான இடத்தில், அதாவது கேபிளிலோ அதற்குக் கீழேயோ, கோளாறு. எண் ஓடி முள் மட்டும் படுத்தால் மீட்டருக்குள்ளே கோளாறு. முள் துள்ளித் துள்ளி ஆடினால் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது, இல்லை உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. கம்பி சிக்கிச் சிக்கி, முறுக்கேறி, பட்டென்று விடுபடும்போது முள் எகிறுகிறது.

பாய் மீட்டரின் பின்பக்க நட்டைக் கையாலேயே கழற்றினார். உள்கம்பியை இழுத்தார். பாதிதான் வந்தது. அறுந்த முனை துருப்பிடித்து, உப்பு பூத்தமாதிரி இருந்தது. கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு அது ஆச்சரியமில்லை. அப்புறம் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றவிட்டு, கியர் பாக்ஸ் பக்கத்தில் மிச்சக் கம்பி சுற்றுகிறதா என்று பார்த்தார். சுற்றியது. பல்சக்கரம் நன்றாக இருக்கிறது. மீட்டரின் முதுகுத் துளையில் ஒரு சின்னக் கம்பியைச் சொருகி விரலால் வேகமாக உருட்டினார். முள் லேசாக எழுந்து விழுந்தது. மீட்டரும் நன்றாக இருக்கிறது. மேலும் நலம், கீழும் நலம். நடுவில் தொடர்புதான் அறுந்திருக்கிறது. ஒரு டயர் விலையோடு ஒப்பிட்டால் புதுக் கேபிள் விலை காசே இல்லை.

எண்களுக்கும் முள்ளுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றுதான் புரிந்தது. எண்கள் பல்லோடு பல் கடித்து நகர்கின்றன. அது எண்ணுதல். இதன் வரலாறு மிகப் பழையது. ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் தன் நூலின் பத்தாம் பகுதியில் ஒரு வண்டியை விவரிக்கிறார். அதன் சக்கரம் 400 முறை சுற்றினால் 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். மைலுக்கு ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கல்லை எண்ணிக்கொள்ளலாம். நம் லாரி மீட்டரின் எண்பட்டையும் அதே கூழாங்கல்தான்.

முள் அப்படி இல்லை. கேபிளோடு சுற்றும் ஒரு காந்தம். அதைத் தொடாமல் மூடியிருக்கும் ஒரு அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தோடு முள்ளும் ஒரு மெல்லிய சுருள்வில்லும். 1902இல் ஓட்டோ ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்ற அமைப்பு. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் மின்னோட்டம் எழுகிறது, அந்த மின்னோட்டம் கிண்ணத்தைக் காந்தத்தின் பின்னால் இழுக்கிறது. வில் அதைத் திரும்ப இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. அந்த இடத்துக்கு நாம் வேகம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆக, முள் காட்டுவது எண்ணிக்கை இல்லை, ஒரு சமநிலை. அது தவற முடியும். லாரியின் கனமான டயர் புதிதாக இருக்கும்போது விட்டம் ஏறக்குறைய 105 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் ஒன்றரை சென்டிமீட்டர் தேய்ந்தால் விட்டம் 102. மீட்டருக்கு டயர் தேய்ந்தது தெரியாது, அதற்குச் சுற்று மட்டும்தான் தெரியும். முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 58 சொச்சத்தில் போகும். கம்பெனி போட்டுக் கொடுத்ததைவிடப் பெரிய டயரை மாட்டினால் இதற்கு நேர் எதிர்.

3

இங்கே ஒரு பழைய புதிரைக் கொண்டுவரலாம். ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் இளம் வயதில் கேட்டது. நின்றுபோன கடிகாரம் நல்லதா, தினமும் ஒரு நிமிஷம் பின்தங்கும் கடிகாரம் நல்லதா? பின்தங்கும் கடிகாரம் மறுபடி சரியான நேரம் காட்ட 720 நாள் ஆகும். நின்றுபோனது தினமும் இரண்டு முறை சரி. அப்படியென்றால் எது மேல்?

நம் ஊருக்கு இதைப் பொருத்தினால் வேடிக்கையாக இருக்கும். துறைமுக வாசலுக்குப் போகும் கன்டெய்னர் வரிசையில் ஒரு லாரி மணிக்கணக்காக நிற்கும். அத்தனை மணி நேரமும் பூஜ்யத்தில் செத்த முள் நூறு சதவீத உண்மையைச் சொல்கிறது. நாளின் பெரும்பகுதி சரியாக இருக்கும் கருவி என்று அதற்குச் சான்றிதழே கொடுக்கலாம்.

புதிர் எங்கே ஏமாற்றுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நின்ற கடிகாரம் எப்போது சரி என்பதை அறிய இன்னொரு கடிகாரம் வேண்டும். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948இல் இதே கடிகாரத்தை வேறு திசையில் திருப்பினார். நின்றுபோன கடிகாரத்தை ஒருவன் ஓடுவதாக நினைத்துப் பார்க்கிறான். தற்செயலாக அது சரியான நேரத்தைக் காட்டுகிறது. அவனிடம் இருப்பது உண்மையான நம்பிக்கை, ஆனால் அது அறிவு ஆகாது. அதிர்ஷ்டத்தால் சரியாக இருப்பதும் தெரிந்து சரியாக இருப்பதும் ஒன்றில்லை. மீட்டர் இல்லாமல் பதினெட்டு வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியவரின் விஷயத்தில் எவ்வளவு திறமை, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று எப்படிப் பிரிப்பது?

ஒரு நியாயம் மட்டும் செத்த முள்ளுக்குச் செய்தாக வேண்டும். அது யாரையும் ஏமாற்றவில்லை. ஓடும் வண்டியில் பூஜ்யத்தைப் பார்த்து யாரும் நம்பிவிட மாட்டார்கள். 55இல் போகும்போது 40 காட்டும் முள்தான் உண்மையில் பொய்க்காரன். அதனால்தானோ என்னவோ, ஐக்கிய நாடுகளின் 39ஆம் எண் வாகன ஒழுங்குமுறை ஸ்பீடாமீட்டருக்கு ஒரு விசித்திரமான விதியை வைத்திருக்கிறது. உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு: உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் மேலே 4 கிலோமீட்டரும். 60இல் போகும் வண்டி 70 வரை காட்டலாம், 59 காட்டக் கூடாது.

இதை நான் ஒரு அறவிதியாகவே படிக்கிறேன். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமை தேடியபோது துலாக்கோலை எடுத்தார். எந்தப் பக்கமும் சாயாதது அதன் பெருமை. ஸ்பீடாமீட்டருக்கு அந்தப் பெருமை கிடையாது, அது ஒரு பக்கம் சாய்ந்தே இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஏனென்றால் இங்கே இரண்டு தட்டும் சமமில்லை. ஒரு தட்டில் பல டன் இரும்புக்குள் உட்கார்ந்திருப்பவர்; அவருக்குப் போவது சில நிமிஷம். இன்னொரு தட்டில் சாலையைக் கடப்பவர். அவருக்குப் போவது உயிர். பிழை தவிர்க்கமுடியாதது என்றால், அந்தப் பிழையின் செலவைப் பலமுள்ளவர் ஏற்கட்டும் என்பது அந்த விதியின் சாரம்.

முதல் கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. ஸ்பீடாமீட்டர் லாரிக்காக இல்லை. அது லாரிக்கு வெளியே இருக்கும், அதைப் பார்க்கவே முடியாத ஒருவருக்காக லாரிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது.

4

இப்போது டிரைவர் அண்ணனின் வாதம். "வண்டி சத்தமே எனக்கு வேகத்தச் சொல்லும்."

இதை லேசாகத் தள்ளக் கூடாது. கியர் மாறாதவரை இன்ஜினின் சுழற்சியும் சக்கரத்தின் சுழற்சியும் ஒரே விகிதத்தில் கட்டப்பட்டவை. இன்ஜின் எந்தச் சுருதியில் பாடுகிறது என்பது தெரிந்தால், எந்த கியர் என்பதும் தெரிந்தால், வேகம் தெரிந்ததாகத்தான் அர்த்தம். அவர் காது ஒரு கருவி. ஆயிரக்கணக்கான மணிநேரம் தீட்டப்பட்ட கருவி. படித்தவர்கள் எண்களை மட்டும் அறிவு என்று நினைப்பதும், உழைப்பவர் உடம்பில் இருப்பதை வெறும் பழக்கம் என்று ஒதுக்குவதும் நாம் வழக்கமாகச் செய்யும் அநியாயம்.

ஆனால் இந்தக் கருவியும் கெடும். அது கெடும் விதம் வேறு. வேக உணர்வு ஒப்பீட்டால் ஆனது. நெடுஞ்சாலையில் ரொம்ப நேரம் வேகமாக வந்துவிட்டு ஊருக்குள் நுழைபவருக்கு 50கூட ஊர்வதுபோல் இருக்கும். உடம்பு போன மணி நேரத்தோடு ஒப்பிடுகிறது. ஆய்வாளர்கள் கவனித்த இன்னொன்று, கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு வேகம் குறைவாகத் தெரியும். பைக்கில் 50 பயமுறுத்தும், லாரி கேபினில் அதே 50 சாவகாசமாக இருக்கும். ராத்திரியில் ஓரத்துக் கட்டடங்கள் மறைந்துவிட்டால் ஒப்பிட ஒன்றுமே இல்லை. அறுந்த கேபிள் தன் சாவைப் பூஜ்யம் காட்டி அறிவித்துவிடுகிறது. உடம்பின் மீட்டர் தவறும்போது எந்த அறிவிப்பும் வருவதில்லை.

கேபிள் மாற்றிய மறுவாரம் அண்ணன் தானாகவே சொன்னார். "மணலி ரோட்ல நாப்பதுதான் போறேன்னு நெனச்சிக்கினே இருந்தேன் தம்பி. முள்ளு அம்பத்திரெண்டுல நிக்குது. மீட்டரு தப்போன்னு பாத்தேன். போன்ல பாத்தாலும் அதே அம்பது."

40க்கும் 52க்கும் என்ன பெரிய வித்தியாசம்? வேகம் மூன்றில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 40இல் இருப்பதைப்போல 52இல் ஒன்றே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரமும் அதே கணக்கில் நீளும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காதுக்கு எட்டாத வித்தியாசம் எலும்புக்கு எட்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி உண்டு. வேகமாக ஓட்டியதற்குத் தண்டனை சொல்லும் 183ஆம் பிரிவில், ஒரே ஒரு சாட்சி "இவர் வேகமாகப் போனார் என்பது என் அபிப்பிராயம்" என்று சொல்வதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது. அந்த அபிப்பிராயம் ஒரு கருவியின் அளவை ஆதாரமாகக் கொண்டிருக்க வேண்டும். மனிதக் கண் வேகத்தை மதிப்பிடுவதில் நம்பத்தக்கதில்லை என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அது டிரைவரைக் காப்பாற்றும் விதி, நல்ல விதி. ஆனால் அதை மறுபக்கமும் திருப்பிப் பாருங்கள். சாலையோரத்தில் நிற்கும் ஒருவரின் கண்ணை மட்டும் நம்பி டிரைவருக்கு அபராதம் போடுவது அநியாயம் என்றால், டிரைவரின் காதை மட்டும் நம்பி அதே ஒருவர் சாலையில் இறங்க வேண்டும் என்பது எப்படி நியாயம்?

"ரோட்டப் பாத்துத்தான் ஓட்றோம்" என்பதும் சரியே. மீட்டரை முறைத்துக்கொண்டு ஓட்டுபவர் அதைவிட ஆபத்து. ஆனால் ஒரு நொடிப் பார்வை நாள் முழுதும் காதைத் திருத்துகிறது. கர்னாடக சங்கீதப் பாடகருக்குச் சுருதி தெரியாதா? இருந்தும் பின்னால் தம்புரா ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

5

இனி மாமா. அவருடையது கொஞ்சம் சிக்கலான நிலை. அவர் ஓட்டவில்லை. மீட்டர் செத்தது அவருக்குத் தெரியும். ஒத்திப்போடுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்ற நம்பிக்கை, அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1877இல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது லாரி இல்லை, கப்பல். ஊரைவிட்டுப் பிழைக்கப் போகும் ஜனங்களை ஏற்றிச்செல்லவிருக்கும் பழைய கப்பல். முதலாளிக்கு அதன் பலத்தில் சந்தேகம் வருகிறது. செலவை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறார்: எத்தனை பயணம் போய்வந்த கப்பல், இதுவும் போய்வரும், கடவுள் பார்த்துக்கொள்வார். மெல்ல மெல்ல அவருக்கு உண்மையாகவே நம்பிக்கை வந்துவிடுகிறது. கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது, அவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். அவர் குற்றவாளி, நம்பிக்கை நேர்மையாகவே இருந்தாலும், என்கிறார் கிளிஃபோர்ட். அடுத்து ஒரு படி போகிறார். கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்திருந்தால்? அப்போதும் குற்றத்தில் எள்ளளவும் குறையாது. மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இது கறாரான தீர்ப்பு. மாமாவுக்கு எதிராக அதை அப்படியே நிறுத்த எனக்குத் தயக்கம் உண்டு. அவர் வண்டிக் கடன், டயர், இன்சூரன்ஸ், டேக்ஸ் என்று ஒன்றை அடைத்து ஒன்றைத் திறந்துகொண்டிருப்பவர். கிளிஃபோர்டின் கப்பல் முதலாளி இல்லை. ஆனால் தயக்கத்துக்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. தெரியாமல் இருப்பது வேறு, தெரியாமலேயே வைத்துக்கொள்வது வேறு. முதலாவது நிலைமை. இரண்டாவது செயல். ஒருநாள் கேபிள் அறுவது யார் கையிலும் இல்லை. இரண்டு வருஷம் அறுந்தே கிடப்பது யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் எடுக்கும் முடிவு. ஒவ்வொரு நாளும் அது முடிவு மாதிரித் தெரியாமல் இருப்பதுதான் அதன் சௌகரியம்.

கப்பல் பேச்சு வந்ததால் இன்னொன்று. கிளிஃபோர்ட் எழுதுவதற்கு ஒரு வருஷம் முன்புதான், 1876இல், சாமுவேல் பிலிம்சால் என்ற எம்.பி.யின் போராட்டத்தால் பிரிட்டிஷ் கப்பல்களில் பாரக்கோடு கட்டாயமானது. அளவுக்கு மீறி ஏற்றினால் கோடு தண்ணீருக்குள் போய்விடும். இன்றும் நம் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்களின் பக்கவாட்டில் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். ஆனால் முதலில் வந்த சட்டத்தில் கோட்டை எங்கே போடுவது என்பதை முதலாளியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். 1890இல்தான் இடத்தைச் சட்டம் நிர்ணயித்தது. பதினான்கு வருஷம் கோடு இருந்தது, அளவு இல்லை. கருவி இருக்கிறது என்பதும் அளக்கிறது என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எஃப்சிக்கு மட்டும் உயிர்பெறும் மீட்டர் இந்த வகையைச் சேர்ந்தது.

அறுந்த கேபிளில் இன்னொரு வசதியும் ஒளிந்திருக்கிறது. வேகம் மட்டுமா நிற்கிறது? கிலோமீட்டரும் நிற்கிறது. விற்கும்போது வண்டி குறைவாக ஓடியதாகத் தெரியும். 1987இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பெனி இதில்தான் மாட்டியது. அதிகாரிகள் வீட்டுக்கு ஓட்டிப்போன 60,000க்கும் மேற்பட்ட புதுக் கார்களின் மீட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிறகு மாட்டி, புதிது என்று விற்றிருந்தார்கள். தலைவர் லீ ஐயகோக்கா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. விஷயம் வெளியே வந்த விதம்தான் எனக்கு முக்கியம். மிசூரி மாநிலத்தில் வேகமாகப் போன சில கிறைஸ்லர் ஆட்களைப் போலீஸ் நிறுத்தியது. எவ்வளவு வேகம் போனோம் என்று தெரியாது, மீட்டரைக் கழற்றியிருக்கிறோம் என்றார்களாம் அவர்கள். தூரத்தை மறைக்கச் செய்த காரியம் வேகத்தையும் மறைத்துவிட்டது. வியாபார ஏமாற்று என்று தொடங்கியதன் கூடவே சாலையில் போகிறவருக்கான ஆபத்தும் இலவசமாக வந்தது. ஒரே கேபிள் அல்லவா!

6

இவ்வளவு சொன்ன பிறகு, பழி யாருக்கு என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாதவர் டிரைவருக்கும் மாமாவுக்கும் மேலே இருக்கிறார். "சாயங்காலத்துக்குள்ள லோடு எறங்கணும்" என்று போன் செய்கிறவர். துறைமுக வரிசையில் ஐந்து மணி நேரம் போனால் அந்த ஐந்து மணி நேரம் யார் கணக்கில் எழுதப்படும்? டிரிப்புக்குக் கூலி வாங்குகிறவரின் கணக்கில். அவர் அதைத் திரும்ப எடுக்க ஒரே இடம்தான் உண்டு: திறந்து கிடக்கும் சாலை. வேகத்தைக் கேட்கிறவர்கள் எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்பதில்லை. "சீக்கிரம் வா" என்பார்கள். அந்தச் "சீக்கிரம்" எத்தனை கிலோமீட்டர் என்று காட்டக்கூடிய ஒரே பொருள் டேஷ்போர்டில் செத்துக்கிடப்பது அவர்களுக்கும் சௌகரியம்தான்.

புது லாரிகளில் கேபிள் இல்லை. கியர் பாக்ஸில் ஒரு சென்சார், அதிலிருந்து மின்துடிப்புகள். கோளாறு என்றால் பெரும்பாலும் வயரிலோ, கனெக்டரில் பிடித்த பச்சையிலோ இருக்கும். 2015இல் வந்த அறிவிப்புக்குப் பிறகு சரக்கு வாகனங்களுக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வந்தது. டேங்கர், டிப்பர் மாதிரி வண்டிகளுக்கு 60. பல வண்டிகளில் ஜிபிஎஸ்ஸும் இருக்கிறது. அதில் ஒரு வினோதம் நடக்கலாம். டேஷ்போர்டில் முள் செத்திருக்கும். ஆனால் நூறு மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் முதலாளியின் செல்போனில் அந்த லாரியின் வேகம் துல்லியமாக ஓடிக்கொண்டிருக்கும். பிரேக்மேல் கால் வைத்திருப்பவருக்கு எண் தெரியாது. கூலியில் பிடிக்கப்போகிறவருக்குத் தெரியும். அளவை யார் கண்ணுக்கு முன்னால் வைக்கிறோம் என்பதும் ஒரு அறக்கேள்விதான். திருத்திக்கொள்ளக் கூடியவருக்கு முன்னால் வைத்தால் அது அறிவு. தண்டிக்கக் கூடியவருக்கு முன்னால் மட்டும் வைத்தால் அது வேவு.

முள் உயிர்பெற்றுவிட்டால் வண்டி மெதுவாகப் போகும் என்று நான் சொல்லவரவில்லை. 52 என்று தெரிந்துகொண்டே 52இல் போகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அங்கே ஒன்று மாறிவிடுகிறது. தெரிந்து செய்ததற்குப் பதில் சொல்லியாக வேண்டும், முதலில் தனக்கே. அவசரப்படுத்துகிறவரிடம் "அறுவதுலதான் சார் வரேன், இதுக்கு மேல வராது" என்று சொல்லவும் கையில் ஒரு எண் வேண்டும். எண் இல்லாதவரிடம் மறுப்பதற்கு வார்த்தையும் இல்லை. மீட்டர் டிரைவரைக் கண்காணிக்கும் கருவி என்றே நாம் பழகிவிட்டோம். அது அவர் பக்கம் நின்று பேசும் சாட்சியாகவும் இருக்க முடியும்.

ஆகவே அந்தக் கேபிளுக்கான காசு மாமாவுடையது, மறுக்கவில்லை. அதைப் பார்க்கும் கடமை அண்ணனுடையது. பார்த்த எண்ணை மதித்து நேரம் குறிக்கும் கடமை, லோடுக்குச் சொந்தக்காரருடையது. மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் மற்ற இரண்டும் பாதிதான் வேலை செய்யும். சாலையைக் கடக்கும் மீன்காரம்மாவுக்கு இந்த மூன்று பேரையும் தெரியாது, மீட்டரையும் தெரியாது. வருகிற லாரியைப் பார்த்து, இது இன்ன வேகத்தில் வருகிறது, நாம் போய்விடலாம் என்று அவர் ஒரு கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில் பாதி அவர் கையில் இல்லை. அது கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவருக்காவது தெரிந்திருக்கும் என்றுதான் அவர் காலை எடுத்து வைக்கிறார்.